சிவப்பு லாட்டு

என் அப்பாவின் பாதங்களைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதியிருக்கிறேன். வெளியில் சொன்னால் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் எனக்கு நாள் தவறாமல் எதையாவது குறித்து வைக்க வேண்டும் என்ற பித்துப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் தினமும் மாறுகிற பொருள் அப்பாவின் கால் ஒன்றுதான்.

அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். மெஷினுக்குள் துணியை ஏற்றுவதும், சாயம் ஏறிய துணியை ஈரத்தோடு இழுத்துத் தள்ளுவண்டியில் போடுவதும் அவர் வேலை. தரையில் எப்போதும் வெதுவெதுப்பான சாயத்தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ரப்பர் செருப்புதான் போட்டிருப்பார். அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். மாலை ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டுவார். அன்று என்ன நிறத்தில் லாட்டு ஓடியதோ அந்த நிறம் பாதத்தில் இருக்கும். ஒரே நிறத்தில் ஒரே தொகுப்பாகச் சாயம் போடுகிற துணியை லாட்டு என்பார்கள்.

நான் நோட்டோடு எதிரில் குந்தியிருப்பேன். தேதி, கிழமை, நிறம். நேவி. மெரூன். ராயல் புளூ. கடுகு மஞ்சள். பெயர்களை அப்பா சொல்லித் தருவார். சாயமில்லாத வேறு செய்தி இருந்தால் ஓரத்தில் குறிப்பேன். பேனாவில்தான் எழுத வேண்டும், அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டிருந்தேன். பிற்காலத்தில் கல்வெட்டு படிக்கப் பழகியபோது, கல்லிலும் தப்பாக வெட்டிய எழுத்து அப்படியே நிற்பதைப் பார்த்தேன். அந்தக் கல்தச்சர்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்தது.

புரட்டாசி கடைசிச் செவ்வாய்க்கிழமையில் "நிறமில்லை. பூட்ஸ்." என்று இருக்கிறது. அன்று பட்டறைக்கு ஆடிட். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் வந்து, தொழிலாளர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஸ்டோர் ரூமைத் திறந்து எல்லோருக்கும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கொடுப்பார்கள். சைஸ் பார்த்துக் கொடுப்பார்களே தவிர ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. போன ஆடிட்டில் எவனோ வேர்வையும் தண்ணீருமாகக் கழற்றிப் போட்டது, பூட்டிய அறையில் காயாமல் கிடந்தது, அப்பாவின் காலுக்கு வந்தது. காலையிலிருந்து மாலைவரை போட்டிருந்துவிட்டு எண்ணித் திருப்பிக் கொடுத்தார். அன்று அவர் கால் சாயமே இல்லாமல், ஊறிய வெள்ளைப் பட்டாணிபோல வெளுத்திருந்தது. எனக்கு ஏமாற்றம்.

அதிலிருந்து பதினோராம் நாள் வலது காலின் சுண்டுவிரல் இடுக்கில் அரிப்பு என்று எழுதியிருக்கிறேன். தோல் வெள்ளையாக நைந்து உரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, சேற்றுப்புண் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சாயப்பட்டறையில் சேற்றுப்புண் இல்லாத கால் உண்டா? மெடிக்கல் ஷாப்பில் காலைச் சொல்லிக் கேட்டதும் ஒரு களிம்பு டியூப் கொடுத்தார்கள். அது என்னவோ மந்திரம்போல வேலை செய்தது. மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. நின்றதும் டியூப் டி.வி. ஸ்டாண்டின் மேல் ஏறிக்கொண்டது. பத்து நாளில் புண் திரும்பி வந்தது. இந்தத் தடவை இடுக்கைத் தாண்டிப் புறங்காலில் வட்டம் போட்டது. மறுபடி டியூப், மறுபடி மூன்று நாள். இப்படி மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தேதி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. அதே பட்டறையில் பிளீச்சிங் பிரிவில் இருந்தார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு குறுக்குவழி இருக்கும்; அது நீள்வழியைவிட நீளமாக முடியும். தீபாவளிக்குப் பிறகு ஒரு மாலை, அப்பாவின் காலைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அழுக்குத் துணியவே அரை மணி நேரத்துல வெள்ள வேட்டியாக்கற தண்ணி என்ற கையில இருக்குது. மச்சான் என்னடான்னா டியூப்புக்கு அலையறாரு."

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பிளீச்சிங் தொட்டியிலிருந்து ஒரு மக் எடுத்து, பாதி சாதாரணத் தண்ணீர் கலந்து, அப்பாவின் காலில் ஊற்றினார். எரிந்ததாம். எரிந்தால்தான் வேலை செய்கிறதென்று அர்த்தமாம். நான்கு நாள் என் நோட்டில் "வெள்ளை" என்று இருக்கிறது. விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. புண் ஆறிவிட்டது என்றே எல்லோரும் நம்பினோம். சாயப்பட்டறைக் குடும்பத்துக்கு, வெளுத்தால் சுத்தம்.

அதற்கடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டில் பெரிய நாள். ஆறு வருடம் ஹெல்ப்பராக இருந்த அப்பாவிடம் நாலாம் நம்பர் மெஷினை ஒப்படைத்தார்கள். இனி அவர் ஆப்பரேட்டர். தண்ணீர், சூடு, மருந்து, நேரம் எல்லாம் அவர் பொறுப்பு. அம்மா கேசரி கிண்டினாள். முதல் வாரமே கப்பலுக்குப் போக வேண்டிய பெரிய ஆர்டர், பாட்டில் கிரீன். நிறம் ஒரு சொட்டு மாறினாலும் திரும்பி வந்துவிடும் என்று அப்பா சொன்னார். திங்களும் செவ்வாயும் இரண்டு காலும் பாட்டில் கிரீன்.

புதன்கிழமை அவர் கால் நீட்டியபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. இடது கால் பச்சை. வலது கால் சிவப்பு. சுண்டுவிரலிலிருந்து புறங்கால்வரை, பச்சைக்கு அடியில் திட்டுத்திட்டாக நல்ல சிவப்பு. ஒரே நாளில் இரண்டு நிறம் என் நோட்டில் அதுவரை வந்ததே இல்லை.

"நடுவுல ஒரு செவப்பு லாட்டு ஓடுச்சு கண்ணு," என்றார் அப்பா. நான் எழுதிக்கொண்டேன். வலது: சிவப்பு.

வியாழன், சிவப்பு கணுக்கால்வரை. வெள்ளி, கணுக்காலுக்கு மேல் மூன்று விரல். அன்று தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அதையும் கேட்டேன். சூட்டில் போடுகிற சாயம், சூடு இறங்க நேரமாகும் என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டார். "சூடான சாயம்" என்று எழுதினேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து வர ஏழாகிவிடும். அதற்குள் அப்பா வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்வார். வழக்கமாக லுங்கியை மடித்துக் கட்டுகிறவர் திடீரென்று கல்யாண வீட்டு ஆள்போல நடமாடுகிறாரே என்று அம்மாதான் கிண்டல் செய்தாள். மெஷின் கிடைத்த மவுசு என்று நினைத்தாள்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. அப்பா மதியச் சாப்பாட்டுப் போசியை மறந்து வைத்துவிட்டுப் போனதால் நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் பஸ் நிறுத்தம். அங்கிருந்து பஸ்ஸில் மூன்று நிறுத்தம். பட்டறை கேட்டில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. கம்பி இடைவெளியில் பார்த்தேன். வரிசையாகத் தள்ளுவண்டிகள். பச்சை. எல்லாம் பச்சை. காய்வதற்கு விரித்த துணியும், வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரும் பச்சை.

மாமா வெளியே வந்தார். சிவப்பு லாட்டு எங்கே என்று கேட்டேன்.

"செவப்பா? ஏது செவப்பு அம்மிணி? இந்த வாரம் பூராவுமே பாட்டில் கிரீன்தான். கனவுலயே பச்சதான் ஓடுது."

அப்போது அப்பா வந்தார். வலது காலைத் தரையில் ஊன்றாமல், சுவரைப் பிடித்தபடி. அந்தக் காலில் ஒரு பாலித்தீன் கவர் மாட்டி, பனியன் வேஸ்ட் என்கிற வெட்டுத்துணியின் பட்டையால் கட்டியிருந்தது. மாமாவைப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் குனிந்தார். முகம் வேர்த்திருந்தது, வேர்த்தபடியே நடுங்கினார்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாத சாமி. திங்கக்கெழம லாட்டு முடிஞ்சுரும். அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன்."

சரிங்ப்பா என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தாயிற்று.

வீடு திரும்பும்வரை எனக்கு இருந்த கவலை அப்பாவின் காலைப் பற்றியதல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் நோட்டு பொய்யாகிவிட்டதே என்ற கவலை. புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் இல்லாத சாயத்தை எழுதியிருக்கிறேன். அடிக்கக் கூடாதென்பது விதி. அடிக்காமல் விட்டால் பொய். அன்று மாலை அப்பா கால் நீட்டவில்லை. நேராகப் போய்ப் படுத்துவிட்டார். சனிக்கிழமைக்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுதினேன்: "பச்சை லாட்டு மட்டும். சிவப்பு சாயம் அல்ல."

ஞாயிறு காலை அப்பாவுக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர். அம்மா மழைக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தினாள். அப்பா கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். சொல்லக் கூடாதென்றுதானே வாக்கு. நோட்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டி, எழுதினது தப்பாக இருந்தால் அடிக்கலாமாங்ம்மா என்று கேட்டேன்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எரிச்சலோடு வாங்கி, சுட்டுவிரலை வைத்துப் படித்தாள். வலது. சிவப்பு. கணுக்கால்வரை. மூன்று விரல். சூடான சாயம். விரல் கடைசி வரிக்கு வந்தது. "சாயம்..." என்றாள். "அல்ல" என்பதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நோட்டைக் கீழே வைக்காமலேயே இன்னொரு கையால் கம்பளியை உருவினாள்.

சிவப்பு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை ஏறியிருந்தது. கால் பூசணிக்காய்போல மினுங்கியது. விரல் இடுக்கு பிளந்து, உள்ளே ஈரமான பிளவு தெரிந்தது. அம்மா கத்தவில்லை. "ஏனுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மாமாவே குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார்.

"நேத்திருந்துதானுங்க," என்றார் அப்பா.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் நோட்டை நீட்டினேன்.

அவர் அதைப் பின்னாலிருந்து முன்னால் படித்தார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று விரல் என்றால் யார் விரல் என்று கேட்டார். என் விரலைக் காட்டினேன். "வெள்ளை" என்று நான்கு நாள் இருக்கிறதே, இது என்ன சாயம் என்று கேட்டார். நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அதுவரை கதவருகில் நின்றிருந்தவர் வண்டிக்காரரைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். தொட்டித் தண்ணீரையும் டியூப்பையும் பற்றிச் சொன்னது அம்மாதான்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே சுகர் கிடையாதுங்களே என்று அம்மா வாதாடினாள், ரிப்போர்ட் மாறிவிடும் என்பதுபோல. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். விரல் இடுக்கில் இருந்தது பூஞ்சை. அது சாதாரணம். அதை அரைகுறையாக ஆற்றி ஆற்றி விட்டதும், அந்த டியூப்பில் இருந்த ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அடக்கிப் பூஞ்சையை வளர்த்ததும், நைந்த தோலைத் தொட்டித் தண்ணீர் பொசுக்கியதும் சேர்ந்து தோலில் வழி திறந்துவிட்டன. அந்த வழியாக வேறு கிருமி உள்ளே போய் ஏறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை அதற்குத் தீனி.

பிறகு தன் பேனாவை எடுத்து, அப்பாவின் காலில் சிவப்பு முடிகிற இடத்தில் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினார். மனிதத் தோலில் தேதி எழுதலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"செவப்பு இந்தக் கோட்டுக்குள்ள நின்னா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். தாண்டித் தாண்டிப் போச்சுன்னா ஆபரேஷன். எதுவரைக்கும் எடுக்க வேண்டி வரும்னு இப்ப சொல்ல முடியாது," என்றார். அம்மாவிடம் சொன்னார். ஆனால் என் காதிலும் விழுந்தது.

கட்டிலுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு மணிக்கும் அப்படித்தான் இருந்ததாக நினைத்தேன். நாலு மணிக்கு நர்ஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். கோட்டுக்கு வெளியே என் ஒரு விரல் அகலம் சிவந்திருந்தது. நான் கண்ணெடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது தாண்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டர் மருந்தை மாற்றினார். இரண்டாவது கோடு போட்டார். என்னை மாமாவோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது மாமா, நீ அதை எழுதாம இருந்திருக்கலாம் அம்மிணி என்றார். எதை என்று கேட்கவில்லை. வெள்ளையையா, சிவப்பையா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கள் காலை ஓடிப்போய்ப் பார்த்தபோது சிவப்பு இரண்டாவது கோட்டிலேயே நின்றிருந்தது. செவ்வாய் அந்தக் கோட்டுக்கு அரை விரல் கீழே. புதன் முதல் கோட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அம்மா அன்றுதான் அழுதாள். பாட்டில் கிரீன் லாட்டு திங்கட்கிழமையே முடிந்து, வேறு ஆளின் கையால் கப்பலுக்குப் போய்விட்டிருந்தது.

ஒன்பது நாள் அங்கே இருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் எங்கள் மூவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். அம்மாவின் இடது சுண்டுவிரல் இடுக்கிலும், என் குதிகாலிலும் அதே பூஞ்சை. வீட்டில் கால் எதில் துடைப்பீர்கள் என்று கேட்டார். குளியலறை வாசலில் பனியன் வேஸ்ட்டில் பின்னிய கால்மிதி ஒன்று எப்போதும் ஈரமாகக் கிடக்கும். திருப்பூரில் அது இல்லாத வீடு எது? மூவரும் அதில்தான் ஏறி இறங்கினோம். அன்றே அது குப்பைக்குப் போயிற்று.

வேறு களிம்பு கொடுத்தார். காலையும் இரவும். புண் ஆறியதுபோலத் தெரிந்த பிறகும் நான்கு வாரம் நிறுத்தக் கூடாது. கழுவிய கால் காலல்ல, காய்ந்த காலே கால் என்று அம்மா அதைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்டாள். வெள்ளை வேஸ்ட் துணியைக் கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, ஆளுக்கொரு கட்டு வைத்தாள். ஒவ்வொரு விரல் இடுக்கையும் பிரித்துத் துடைத்த பிறகுதான் யாருக்கும் சோறு. மாமா ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனார். அப்பாவுக்கு மட்டுமான பூட்ஸ். மாலையில் அதைக் கழுவி, இரண்டு குச்சியில் தலைகீழாகக் கவிழ்த்துச் சுவரோரம் காயவைப்போம். எவனோ தலைகீழாக மண்ணுக்குள் புதைந்துபோய்விட்டான் என்று தெருவில் சிரித்தார்கள்.

மார்கழியில் அப்பா வேலைக்குத் திரும்பினார். நாலாம் நம்பர் மெஷினில் சோமனூரிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அப்பா மறுபடி ஹெல்ப்பர். துணியை ஏற்றுவதும் இறக்குவதும். அது என் நோட்டால் வந்ததா, அவர் காலால் வந்ததா என்று வீட்டில் யாரும் பேசவில்லை. நான் அவர் உயிரைக் காப்பாற்றியதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பாராட்டி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

ஆனால் மாலை ஆனதும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, துடைத்த கால்களை என் பக்கம் நீட்டினார். முன்பு செய்ததைவிட நிதானமாக. சுண்டுவிரலைக் கையால் விலக்கிப் பிடித்து, பிறகு அடுத்த விரலை, பிறகு அடுத்ததை. நான் எழுதினேன்: நிறமில்லை. மறுநாளும் நிறமில்லை. உள்ளே பட்டறையில் மெரூன் ஓடினாலும் நேவி ஓடினாலும் என் நோட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. முப்பத்தாறு நாள் அப்படி எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கங்களில் என் கையெழுத்து கிறுக்கலாகிவிட்டது. முப்பத்தேழாம் நாள் நோட்டை எடுக்கவில்லை.

"இன்னிக்கு எழுதலீங்களா அம்மிணி?" என்று கேட்டார் அப்பா. கேலியாக மரியாதை கொடுத்துப் பேசுவது அவர் வழக்கம்.

"எழுத என்னங்ப்பா இருக்குது," என்று சொல்லிவிட்டு நொண்டி விளையாடப் போய்விட்டேன்.

தெருமுனையிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் காலை நீட்டியபடி, விரலைப் பிரித்துப் பிடித்தபடியேதான் உட்கார்ந்திருந்தார். விளையாட்டில் என் முறை வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.